பள்ளிக்கூடமும் பிள்ளைப் பராமரிப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் நாம் பேசுமாறு பணிக்கப்பட்ட விஷயம், அரசாங்கத்தைச் சாராத கல்விச்சாலைகளில் பிள்ளைகளைப் பேணும் முறையும், அங்கே அவர்கள் ஒருங்கு கூடி வாழும் வாழ்வும் என்பதாகும். பரீட்சைத் தேர்ச்சியைக் குறித்தோ புதிய கட்டடத்தைக் குறித்தோ பேசச் சொல்லியிருந்தால் நம் வேலை எளிதாயிருந்திருக்கும். ஆண்டறிக்கையில் அச்சிட்ட எண்களை வாசித்துவிட்டு அமர்ந்திருப்போம். ஒரு பிள்ளை இரவில் உண்டதா, உறங்கியதா, அழுததா, அழுதால் யாரிடம் சென்று அழுதது என்பவற்றை எழுதுவதற்கு எந்த ஆண்டறிக்கையிலும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் பத்து வயதுப் பாலகனை வீட்டை விட்டுப் பிரித்து விடுதியில் கொண்டுவந்து விடும் தாய் நம் காரியதரிசியிடம் முதலில் கேட்பது இவற்றையேயன்றி வேறன்று.

நாஞ்சில் நாட்டார்க்கு இவ்விஷயம் புதியதன்று. விடுதியோடு கூடிய பள்ளி என்பது இந்நாட்டில் இருநூறு ஆண்டுகளாக இருந்து வருகின்றது. ஜெர்மானியரான ரிங்கல்தௌபே பாதிரியார் 1806-ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்து, 1809-இல் அங்கே பள்ளி தொடங்கினார். அவர் சென்ற பின்னர் வந்த சார்லஸ் மீட் என்பவர் 1818-இல் தம் இருப்பிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்பொழுது திருவிதாங்கூரை ஆண்டுகொண்டிருந்த ராணி கௌரி பார்வதி பாய் அவர்கள் நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், நெல்வயல் வாங்குவதற்கென்று ஐயாயிரம் ரூபாயையும் கொடுத்தார்கள். அவ்வயலின் வருமானம் அங்கு அமைந்த கல்விச்சாலைக்கு உரியதாயிற்று. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் இந்து அரசி. பெற்றவர் கிறிஸ்தவப் போதகர். நடுவில் நின்றது நாஞ்சில் நாட்டு நெல். பள்ளிக்கு நன்கொடை கொடுப்பவர்கள் கட்டடத்துக்கும் அதில் பதிக்கும் பெயர்க்கல்லுக்கும் கொடுப்பதே இன்று வழக்கமாயிருக்க, அன்று கொடுத்தவர் ஆண்டுதோறும் விளையும் நிலத்துக்காகக் கொடுத்தார். சுவர் ஒருமுறை கட்டினால் முடிந்தது. அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும்.

மதம் பரப்ப வந்தவர்களின் பள்ளியை நம் சங்க மேடையில் எடுத்துப் பேசுவது எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது நம் செவியில் விழாமலில்லை. நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்வதும், அல்லதை எவரிடத்திலும் சுட்டிக் காட்டுவதும் சபையில் பேசுவோர்க்கு உரிய கடமை என்பதே நம் விடை. இரண்டையும் செய்வோம்.

சார்லஸ் மால்ட் என்னும் போதகரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். பெண்குழந்தைகள் தங்கிப் பயிலும் பள்ளியை மார்த்தா அம்மையார் வளர்த்தார். பெண் எழுதப் படிக்கக் கற்பதே பரிகாசமாயிருந்த காலம் அது. அதிலும் இடுப்புக்கு மேல் துணியணிவதே குற்றமென்று விதிக்கப்பட்ட சாதிகளின் பெண்மக்களை ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்து, எழுத்தும் கணக்கும் தையலும் கற்பித்தார். அவற்றுடன் லேஸ் என்னும் நூற்பின்னலையும் கற்பித்தார். திண்டு போன்ற தலையணையின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை அவ்வூசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னுவது அக்கைத்தொழில். விற்ற பணத்தில் பின்னியவளுக்குக் கூலி கிடைத்தது. அடிமைகளாயிருந்த குடும்பங்களின் பெண்மக்களும் அப்பள்ளியில் இருந்தனர். தாம் சேர்த்த லேஸ் கூலியை எசமானர்க்குக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில். மேலாடை குறித்த பிரகடனம் வந்தது 1859-இல். இவ்விரண்டுக்கும் முன்னரே ஒரு சிறுமி நூலால் தன்னை மீட்டாள் என்றால், அப்பள்ளி அவளுக்குக் கற்பித்தது எழுத்து மாத்திரமாயிருக்க முடியாது. மால்ட் தம்பதிகளின் புத்திரி எலைசா 1844-இல் கால்டுவெல் அவர்களை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, பெண்கள் பள்ளியும் லேஸ் பின்னலும் அவ்வம்மையாரோடு தேரிக்காட்டுக்குச் சென்றன.

இனி அல்லதைச் சொல்வோம். அக்காலத்தில் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை இங்கிலாந்திலுள்ள உபகாரி ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய ஆங்கிலப் பெயரை அப்பிள்ளைக்கு இடுகின்ற வழக்கம் இருந்தது. அன்னமிட்டவர் பெயரை எடுத்துக்கொண்டார். பாட்டனின் பெயரால் பேரனை அழைக்கும் நம் நாட்டில், பெயர் என்பது ஒரு பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் முதல் உடைமை. உபகாரத்தின் பொருட்டு அதனைக் கழற்றி வைக்கச் செய்தது தக்கதன்று என்பது நம் துணிபு. இப்படிச் சொல்லும்போதே நம்மவரையும் நோக்க வேண்டியிருக்கின்றது. தர்மத்தில் படிக்கும் மாணாக்கனை ஆண்டுவிழா மேடையில் ஏற்றி, இன்னாருடைய உபகாரத்தால் படிக்கின்றான் என்று ஊரறியக் கூறி, அவனைக் கைகூப்பி நிற்கச் செய்கின்ற வழக்கம் நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் உண்டு. வெள்ளைக்காரர் பெயரை மாற்றினர். நாம் முகத்தைத் தாழ்த்துகின்றோம். எது பெரிய பிழை என்று எடைபோட இங்கே தராசு இல்லை.

நிற்க. பராமரிப்பவர்க்குக் கணக்குக் கேட்பார் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை நாஞ்சில் நாட்டாருக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை. மருமக்கள்வழி நடந்த காலத்தில் குடும்பத்தின் சொத்தும் சிறுவர்களின் சோறும் காரணவர் ஒருவர் கையில் இருந்தன. நல்ல காரணவர்கள் மருமக்களைக் கண்ணெனக் காத்ததும் உண்டு. ஆனால் காத்தாலும் காவாவிடினும் கேட்பார் இல்லை என்னும் அந்நிலை நல்லவரையும் கெடுத்தது. தேரூரில் 1876-இல் பிறந்து, உபாத்தியாயராகவே உழைத்து, 1954-இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் மருமக்கள்வழி மான்மியத்தை நகைச்சுவையாக எழுதியிருப்பினும், அதை வாசித்துச் சிரித்தவர்கள் சிரிப்பதற்காக மட்டும் வாசிக்கவில்லை. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அம்முறைக்கு முடிவு கட்டியது. காரணவர் ஒழிந்தார். விடுதிக் காப்பாளர் என்னும் புதிய காரணவரை நாம் உண்டாக்கி வைத்திருக்கின்றோமா என்பதே நம் ஐயம்.

ஒருங்கு வாழும் வாழ்வு என்றவுடன் நம் நினைவு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து சேரன்மாதேவிக்குச் செல்கின்றது. வ. வே. சு. ஐயர் அவர்கள் 1922-இல் தாம் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தை அங்கே நடத்தினார். அரசாங்கத்தின் பிடியில் அகப்படாத தேசியக் கல்வி, கைத்தொழில், தேகப்பயிற்சி, தாய்மொழி ஆகிய நோக்கங்கள் அனைத்தும் உயர்ந்தவை. காங்கிரஸ் கமிட்டி பொருள் உதவியது. சாதி பாராது பலரும் நன்கொடை அளித்தனர். இவ்வளவும் இருந்தும், பெற்றோர் வற்புறுத்தியதால் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. அதனால் எழுந்த கிளர்ச்சியில் வரதராஜுலு நாயுடு அவர்களும் ஈ. வெ. ராமசாமி அவர்களும் முன்னின்றனர். காந்தியடிகள் வரையில் வழக்குச் சென்றது. 1925-இல் ஐயர் பொறுப்பை விட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பாபநாசத்து அருவியில் தம் புதல்வியைக் காக்க முயன்று உயிர் துறந்தார். குருகுலமும் நிலைக்கவில்லை. அவர் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு நா எழாது. ஆயினும் ஒரு பள்ளி தன் பிள்ளைகளுக்கு மெய்யாகக் கற்பிப்பது எது என்பதை அதன் பாடத்திட்டத்தில் தேடுதல் வீண், பந்தியில் தேடவேண்டும். வகுப்பில் பத்து மாதம் கற்பித்த சமத்துவத்தை ஒருவேளைச் சாப்பாடு அழித்துவிடும்.

பந்தியைப் பிரிப்பது சாதி மட்டுமன்று. மாதக் கட்டணம் செலுத்தும் பிள்ளைக்கு முட்டையும் மோரும், தர்மத்தில் சேர்ந்த பிள்ளைக்கு ரசத்தோடு சரி என்று நடக்கும் விடுதிகள் இன்றும் உள்ளன. ஒரே சாதிப் பிள்ளைகள் தங்கும் விடுதியிலேயே இது நடக்கும்பொழுது, நம்மவர் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

நம் மாவட்டத்தின் நிலையை அறிந்து பேசுவோம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் ரப்பர் பால்வெட்டுக்குப் பெற்றோர் விடியுமுன்னரே சென்றுவிட, தானே எழுந்து, தானே தம்பிக்குத் தலைசீவி, வெறும் வயிற்றோடு வகுப்பில் வந்தமரும் சிறுமிகள் உண்டு. வளைகுடா நாட்டிலுள்ள தகப்பனாரைத் தொலைபேசித் திரையில் மட்டும் கண்டு வளரும் பிள்ளைகள் உண்டு. கடற்கரையைச் சொல்ல வேண்டுமோ? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை குளச்சலையும் மணக்குடியையும் எவ்வாறு அழித்தது என்பதை இங்கிருப்பவர்களில் பலர் நேரில் கண்டவர்கள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபொழுது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். திரும்பாதவர்களில் பலருடைய உடலும் கிடைக்கவில்லை. தகப்பனார் இறந்தாரா, எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி இருக்கின்றாரா என்றறியாத பிள்ளை, திதி கொடுக்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல், அரையாண்டுப் பரீட்சைக்கு வந்து அமர்ந்தது. அப்பிள்ளையின் வெற்றுத் தாளைக் கண்டு சுழியம் இடுவதற்கு ஒரு உபாத்தியாயர் போதும். ஏன் வெற்றுத்தாள் என்று கேட்பதற்கு வேறொரு விதமான பள்ளிக்கூடம் வேண்டும்.

கிறிஸ்தவ சகோதரர்கள் இப்பணியை மேய்ப்பர் ஊழியம் என்று அழைக்கின்றனர். ஆடு மேய்ப்பவனை அறிந்தவர்க்கு அச்சொல்லின் அருமை விளங்கும். அவன் மந்தையை எண்ணுவது மாலையில். தேடிப்போவது குறைகின்ற ஒன்றை.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதையும் அறிந்திருத்தல் நலம். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கின்றது. நம் தமிழ்நாட்டில் 2014-இல் இயற்றிய சட்டத்தின்படி, சிறுவர் விடுதிகளையும் பெண்கள் விடுதிகளையும் உரிமம் பெற்றே நடத்தவேண்டும். எல்லாவற்றிலும் கடுமையானது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பிள்ளையிடம் எவரேனும் தகாத முறையில் நடந்ததை அறிந்தும் போலீசாருக்குத் தெரிவிக்காதிருப்பது குற்றம். நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் மறைத்தால் அவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. இதனை விளங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதிச் சங்கங்களாகிய நமக்கு ஒரு பெரும்நோய் உள்ளது. அதற்கு மானம் என்று பெயர் வைத்திருக்கின்றோம். விடுதியில் ஏதேனும் நேர்ந்தால், பெரியவர்கள் நால்வர் கூடி, பெற்றோரை அழைத்து, நமக்குள் முடித்துக்கொள்வோம் என்பார்கள். அவ்வாறு முடிகின்ற காரியம் பெரியவர்களுக்கு மட்டும் முடிகின்றது. அந்தப் பிள்ளை அன்றிரவும் அதே கட்டடத்தில்தான் படுத்துறங்க வேண்டும்.

கும்பகோணத்தை மறந்தவர் எவரும் இல்லை. 2004 ஜூலை 16-இல் சத்துணவு அடுப்பின் தீ கூரைக் கொட்டகையைப் பற்ற, ஒடுங்கிய படிக்கட்டின் வழியே இறங்க முடியாமல் 94 குழந்தைகள் மாண்டனர். கூரை சரியாக உள்ளதா, வழி அகலமாக உள்ளதா என்று பார்ப்பதும் அன்புதான். அன்பை நாவிலே வைத்துக்கொண்டு படிக்கட்டை மறப்பவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாகாது.

ஆதலின் சங்கத்தின் முன் நாம் வைக்க விரும்புபவை சில. நமது விடுதியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவராகப் பாடத்தோடு சம்பந்தமில்லாத பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் அப்பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாது. வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையும் காப்பாளர் அருகில் இல்லாமல் வீட்டாரோடு பேச வழி செய்ய வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பிள்ளையின் கண்மட்டத்தில் எழுத வேண்டும். அலுவலகத்துள் எழுதினால் அது பெரியவர்களின் கண்ணுக்கு மட்டுமே படும். நிர்வாகக் கமிட்டியில் தாய்மார் இருவரேனும் இருந்து, முன்னறிவிப்பில்லாமல் விடுதிக்குச் சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து, பிள்ளைகள் உண்பதையே உண்டு வர வேண்டும். தர்மத்தில் படிப்பவர் யார், பணம் கட்டிப் படிப்பவர் யார் என்பது பொக்கிஷதாரரின் பேரேட்டைத் தாண்டி எவருக்கும் தெரியக்கூடாது.

எஞ்சியிருப்பது ஒன்று, பலருக்கு அது கசக்கும். நம்மவர் பிள்ளைகளுக்கே இடம் என்னும் விதி நமது விடுதிக்கு முன்னோர் இட்டது. வேறு எங்கும் நம் பிள்ளைகளைச் சேர்க்காத காலத்தில், அவ்விதி ஒரு கதவைத் திறப்பதற்காக எழுதப்பட்டது. இன்று அதே விதி கதவை அடைக்கின்றது. கடந்த ஆண்டு நமது விடுதியில் கட்டில்கள் காலியாக இருந்தன. கடற்கரையிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் வந்து கேட்ட பெற்றோர் திரும்பிப் போயினர். பத்து இடங்களை எச்சாதிப் பிள்ளைக்கும் திறந்துவிடுவதென்றும், அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்பதென்றும் ஒரு தீர்மானத்தை எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கின்றோம். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் பொதுக்குழு கூடவேண்டும். எதிர்ப்பவர்கள் தம் காரணத்தை எழுத்தில் தருவார்களாக. அதனையும் இந்தச் சஞ்சிகையிலேயே அச்சிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கின்றோம்.