கடற்பசுவுக்கு ஒரு குழு, அதில் கடலோடிக்கு ஒரு நாற்காலி



அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள கரையோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் நீங்கள், ஆவுளியாவைப் பற்றி, அதாவது கடற்பசுவைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். அதை வலையிலும் அலையிலும் பார்த்தவர்கள் நீங்கள். நான் காகிதத்தில் பார்த்தவன். ஆகவே காகிதத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

காகிதத்தில் குறையே இல்லை, ஐயா! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில், கடற்பசுவும் இருக்கிறது. தேசிய வனவிலங்குச் செயல்திட்டம் 2017 முதல் 2031 வரைக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதற்கென அமைந்த முதல் பாதுகாப்பகம். நல்ல காரியம். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்தப் பிராணி அறிவிப்பைப் படித்துவிட்டுப் பெருகிவிடாது. ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். நுரையீரலால் மூச்சு வாங்குகிற உயிர். சில நிமிடத்துக்கொரு முறை மேலே வந்தாக வேண்டும். செவுள் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தாய் போனாலே கணக்கு தலைகீழாகிவிடும். அது மேய்கிற கடற்புல்லுக்குள்தான் உங்கள் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. இழுவலை அடியை அரித்துக்கொண்டு போனால் அதற்கும் உங்களுக்கும் சோறு போச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாதுகாப்பகம் தேசியப் பூங்கா போன்றதல்ல. அங்குள்ள மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை நிர்வகிக்க ஆலோசனை சொல்ல ஒரு குழு. வனவிலங்குச் சட்டத்தின் 2002 திருத்தத்தில் அந்தக் குழுவில் யார் யார் என்று எழுதி வைத்தார்கள்: வனத்துறை, எல்லைக்குள் வரும் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒருவர், தொண்டு நிறுவனத்தார் மூவர், வேளாண் துறைக்கு ஒருவர், கால்நடைத் துறைக்கு ஒருவர். மீன்வளத் துறையைக் காணோம்! கடலுக்குக் கால்நடைத் துறை எதற்கு என்று நானும் யோசித்தேன். பேரில் பசு இருக்கிறதே, பால் கறக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ!

சிரியுங்கள். ஆனால் காட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம், கடலுக்கு அப்படியே வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பட்டியலில் உங்களுக்கென்று இருப்பது ஊராட்சிக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் கடலுக்கே போகாத ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், எந்த மாதத்தில் எந்த இடத்தில் கடற்புல் தழைக்கிறது, எங்கே வலை போடக் கூடாது என்பதை அந்தக் குழுவுக்கு யார் சொல்வது?

உங்களுக்குத் திட்டமிடத் தெரியாதா? விசைப்படகுக்கு இன்ன நாள், நாட்டுப்படகுக்கு இன்ன நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொண்ட கடல் இது. சிக்கிய ஆவுளியாவுக்காகத் தன் வலையை அறுத்து அதைக் கடலில் விட்டவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அறுத்த வலைக்கு ஈடு அன்றைக்கே கிடைக்க வேண்டும். பாராட்டுச் சான்றிதழை வைத்து வலை பின்ன முடியாது.

இனி நீங்கள் செய்யக்கூடியது இது: பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் கடல் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் எழுத வையுங்கள். பாதுகாப்பகக் குழுவுக்கு எங்கள் ஊர் சார்பில் கடலுக்குப் போகிறவர்தான் வருவார், மீன்வளத் துறையையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வரியில் தீர்மானம் போட்டு, நகலை ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் அனுப்புங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.