பாலும் விளம்பரமும்



பால்குடம் ஏந்திய பக்தர்களால் ஆலயம் நிறைந்திருக்கும் இந்நாளில், பாலைக் குறித்த வரலாறு ஒன்று கூறப்படுவது பொருத்தமுடையதே. விளம்பரம் என்பது பொருளை விற்பதற்கு முன்னர் மனத்தில் ஒரு குறையை உண்டாக்குகின்றது. அதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு.

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் பயின்றவர். இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் பணியாற்றியபோது, குவாஷியோர்கர் எனும் ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தவர். 1936-இல் மலாயாவிற்கு மாற்றலாகி வந்த அவர், சிங்கப்பூரின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் கைக்குழந்தைகள் நலிந்து மடிவதைக் கண்டார். பல வீடுகளில் அக்குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டது தாய்ப்பால் அன்று, இனிப்பூட்டிய டின்பால். இன்று தே தாரேக்கில் கலக்கப்படுகின்றதே, அதே வகைப் பால்தான்.

அன்னையர் ஏன் அதனை நாடினர்? அறியாமை என்று கூறிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. செவிலியரைப் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் வீடுதேடி வந்தனர். அவ்வுடையைக் கண்ட ஏழைத்தாய், அவர்கள் சொல்வதை மருத்துவமனையின் சொல்லாகவே கொண்டிருப்பாள். தன் பால் குழந்தைக்குப் போதுமா எனும் ஐயம் ஒன்று எழுந்தால் போதும். டின்பாலை ஊட்டத் தொடங்கிவிடுவாள். சேய் மார்பைச் சுவைப்பது குறையக் குறைய, பால் சுரப்பதும் குறையும். அது உடலின் இயல்பு. ஆக, இல்லாத குறை சில வாரங்களில் உண்மையாகவே உண்டாகிவிடும். அதன்பின் டின்பால் வாங்குவது விருப்பமன்று, கட்டாயம். கூலி போதாத வீட்டில் ஒரு டின் பல நாள்கள் வரவேண்டுமென நீர் கூட்டப்படும். அந்நீர் தூயதாக இருப்பதும் அரிது. கொழுப்பு நீக்கிய பாலில் செய்யப்பட்ட வகையாயின், 'ஏ' உயிர்ச்சத்து இன்மையால் குழந்தையின் கண்பார்வையே பறிபோவதும் உண்டு.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அம்மையார் உரையாற்றினார். அவர் தம் உரைக்கு இட்ட தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். தவறான பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்றார். அத்தகைய அவையில் அவ்வாறு கூற எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பால் சுரவாத தாய்க்கும், தாயை இழந்த சேய்க்கும் மாற்றுணவு தேவையே; வழக்கு அதுவன்று.

ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறைவைக்கப்பட்ட அம்மையார், உயிர்பிழைத்து, 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவிற்கு முதல் தலைவரானார். ஆயினும் அவர் கூறியதற்கு உலகம் செவிசாய்க்க நெடுங்காலமாயிற்று. 1981 மே மாதத்தில்தான் தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறை 118 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டுமே. விற்பனையாளர் தாய்மாரை நேரில் அணுகுவதும், இலவச மாதிரிகள் வழங்குவதும் கூடாதென அந்நெறிமுறை கூறுகின்றது. தாய்ப்பாலூட்டலுக்காக 1991-இல் அமைந்த உலகக் கூட்டணி பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டது என்பது மலேசியர் பெருமை கொள்ளத்தக்கது. அதற்கு மறு ஆண்டு, 1992-இல், அம்மையார் மறைந்தார்.

அன்று வீட்டு வாசலுக்கு வந்த அவ்விற்பனை இன்று கர்ப்பிணியின் கைப்பேசிக்கு வருகின்றது. உலக சுகாதார நிறுவனமே 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் இதனை எடுத்துக்காட்டியுள்ளது.