கேட்கத் துணிந்த எழுத்தர்

(நாவுலையில் வணிகரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் இது. மாத்தளை மிளகும், தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் மரக்கறியும் இவ்வழியே லொறி ஏறுகின்றன. முன்னாளில் கடை முதலாளி கல்லாப்பெட்டியைப் பூட்டி, திறப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு நிம்மதியாக உறங்கினார். இன்றோ கல்லாப்பெட்டி கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. திறப்பு கணக்கெழுதும் பிள்ளையின் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பூட்டக் கற்றுக்கொடுத்தோமா? இதுவே நாம் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

"கணினிக் களவெல்லாம் கொழும்புப் பெரிய கம்பனிகளுக்கு, நமது மிளகுக் கடையில் எவன் வந்து திருடப்போகிறான்?" என்று நகைப்போர் உண்டு. பெரியவன் வாசலிலே காவல் நிற்கிறது. காவலில்லாத வாசலையே கள்வன் தேடுகிறான். காவல் நின்ற வாசலும் எப்படித் திறந்தது என்பதைச் சற்றே கேளுங்கள்.

2016 பெப்ரவரியில், நியூயோர்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரைக் கொள்ளையிட ஒரு கூட்டம் முயன்றது. 8 கோடி 10 இலட்சம் டொலர் மணிலாவுக்குப் போயிற்று. 2 கோடி டொலர் நமது கொழும்புக்கே வந்தது! ஷாலிக்கா ஃபவுண்டேசன் என்னும் நிறுவனத்தின் பெயருக்கு வந்த அக்கட்டளையில் 'ஃபவுண்டேசன்' என்ற சொல் 'ஃபண்டேசன்' என்று பிழைபட எழுதப்பட்டிருந்தது. இடைநின்ற ஜெர்மனிய வங்கியில் அதைக் கண்டவர், "இது என்ன?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் 2 கோடி டொலர் தப்பியது.

கள்வர் உள்ளே நுழைந்த வழியைப் பாருங்கள். அமெரிக்க நீதித் திணைக்களம் 2018-இல் வெளியிட்ட குற்றமுறைப்பாட்டின்படி, 2015 ஜனவரியிலேயே வங்கி ஊழியர்களுக்கு வேலை தேடும் விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்கள் வந்தன. பணிவான கடிதம், கீழே ஓர் இணைப்பு, அவ்வளவே. களவு நடந்த மறுநாள், பணக் கட்டளைகளைத் தாமாக அச்சிட வேண்டிய பொறி ஓய்ந்து கிடந்தது. வழமையான பழுதென்று ஊழியர் எண்ணினர். அவர்களை மூடர் என்று நாம் சொல்லோம். அச்சுப்பொறி நின்றாலும் ஐயுற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

இனி நமது பக்கத்து வழக்கு ஒன்று. இந்தச் சாலையோரத்து வணிகர் ஒருவரின் கடையில் கணக்கெழுதிய பெண்ணின் பொருட்டு அவளுடைய தந்தையார் எம்மிடம் வந்தார். வழமையாக மிளகு தரும் ஒருவரின் பெயரில், "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது; இனிப் புதிய இலக்கத்துக்கு அனுப்புக" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. அந்த மனிதர் என்றும் தமிழில் எழுதுபவர். செய்தியோ ஆங்கிலத்தில் இருந்தது. பெண்ணுக்கு ஐயம் எழுந்தது. ஆயினும் முதலாளியைக் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று ஏசுவார் என அஞ்சிப் பணத்தை அனுப்பிவிட்டாள். பிழை தெரிந்த பின்பும் நான்கு நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் அந்தக் கணக்கு வெறுமையாயிற்று. உடனே சொல்லியிருந்தால் வங்கி பணத்தை மறித்திருக்கக் கூடும். முதலாளி நட்டத்தை அவளுடைய சம்பளத்தில் வெட்டத் தொடங்கினார். மிளகு பறித்த கமக்காரருக்கோ அந்த மாதம் காசு வரவில்லை.

ஜெர்மனிய வங்கியிலே ஒருவர் கேட்டார். இங்கே ஒரு பெண் கேட்க அஞ்சினாள். அறிவில் இருவரும் சமமே. இருவருமே பிழையைக் கண்டனர்!

சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் கள்வனைத் தண்டிக்கும், அவன் அகப்பட்டால்! 1954-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டமோ, முதலாளி தம் விருப்பப்படி சம்பளத்தில் கை வைக்க இடங்கொடுக்கவில்லை. இது சில முதலாளிமாருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

பயிற்சி என்றதும் பெருஞ்செலவு என்று மிரள வேண்டாம். கணக்கு இலக்கம் மாறியதாகச் செய்தி வந்தால், செய்தியிலுள்ள எண்ணை விடுத்து, நமது பழைய கொப்பியில் உள்ள எண்ணுக்கே பேசுதல். வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதிருத்தல். முதலாளியின் பெயரால் அவசரக் கட்டளை வந்தாலும் அவரையே அழைத்துக் கேட்டல். அப்படிக் கேட்கும் பிள்ளை மீது முதலாளி சினங்கொள்ளலாகாது. கடினமான பாடம் இதுவே. இதைப் பயில வேண்டியவரும் முதலாளியே. கணக்கின் பிரதியொன்றைத் தனியே எடுத்து வையுங்கள். 2023-இல் அரசாங்கமே மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களைப் பிரதியின்றி இழந்து நின்றது. ஏறக்குறைய 5,000 கணக்குகள்!

இப்பயிற்சி தமிழிலே நடைபெற வேண்டும். பாதி விளங்கிய எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. முறைப்பாட்டுக்கும் அஃதே. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இந்தப் பகுதியிலும், அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை நமக்கு அளிக்கிறது. மொழிக்கு அஞ்சிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகாதிருப்போர் எத்தனை பேர்! அவர்கள் தனியே போக வேண்டியதில்லை; எம்மை அழையுங்கள், உடன் வருகிறோம்.

அந்தப் பெண்ணின் சம்பள வெட்டு நின்றுவிட்டது. அவள் அதே கடையில்தான் இருக்கிறாள். வருகின்ற ஞாயிறு மாலை, கடையடைத்த பின், இதே மண்டபத்தில் எழுத்தர்களுக்கு முதல் வகுப்பை நடத்தவிருக்கிறோம். தனக்கு நேர்ந்ததைத் தானே எடுத்துச் சொல்ல அவள் இசைந்திருக்கிறாள். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். முதலாளிமாரும் வந்து பின்வரிசையில் அமரலாம்.