ஊர் நூலில் ஒரு வரி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஊர் நூல்களைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். ஒரு பிரதேசத்தவர்களோ அங்கு வந்து தங்கியவர்களோ அப்பிரதேசத்தைப் பற்றி எழுதி, பெரும்பாலும் அங்கேயே வாசிக்கப்படும் நூல்களைத்தான் ஊர் நூல்கள் என்கிறேன். அவை மூன்று வகைப்படும். ஒன்று ஊர் வரலாறு. இரண்டாவது ஊரின் பாட்டும் கூத்தும் கவிதையும். மூன்றாவது, இலக்கிய மேடைகளில் நாம் பேசக் கூச்சப்படும் வகை. ஊரில் நடந்த கொலையையும் கொடுமையையும் வழக்கையும் சொல்லும் நூல்கள் அவை. இம்மூன்றையும் வெவ்வேறு அலுமாரிகளில் அடுக்குவது நமது வழக்கம். மன்னார்த் தீவையும், அதற்கு எதிரே மாந்தையிலிருந்து மறிச்சுக்கட்டி வரை நீளும் கரையையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், இவ்வழக்கம் எத்தகைய இழப்பைத் தந்திருக்கிறது என்பது புலப்படும்.

அண்மைய நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றப் பணிப்பின் பேரில் தொடர்ந்து அகழ்ந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. அது ஒரு பழைய மயானம் என்று தொல்பொருள் திணைக்களத் தரப்பில் கூறப்பட்டது. அங்கே மயானமே இருந்ததில்லை என்று மறுதரப்பில் வாதிட்டார்கள். காணாமற் போன தம் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மாரும் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். இவ்வூரின் சேமக்காலை இன்ன இடத்தில் இருந்தது, இன்ன ஆண்டுவரை அங்கே அடக்கம் செய்தார்கள் என்று ஒரே ஒரு வரி, எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் ஊர் நூலில் இருந்திருந்தால், அந்த வாதத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! கோயிலின் பெருமையைச் சொல்ல நம்மிடம் நூல்கள் உண்டு. சுடலையின் எல்லையைச் சொல்ல நூல் இல்லை.

நான்காண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், மன்னார் நகரின் நுழைவாயிலில் பழைய சதொசக் கட்டடம் இருந்த காணியில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. புதிய கட்டடத்துக்காக அங்கு வெட்டிய மண்ணில் எலும்புகள் காணப்பட்டன. மாதக்கணக்கில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுவர்களின் எலும்புகளும் அவற்றில் இருந்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஆய்வுகூடத்துக்குச் சென்றன. 2019 மார்ச்சில் காபன் பரிசோதனையின் முடிவு வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம். உறவினர் தரப்பு இம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. நகரின் நடுவே முந்நூறு பேர் இப்படிக் கிடந்ததற்கு ஆண்டுக் கணக்கு மாத்திரம் விடையாகிவிடாது. அவர்கள் யார்? எப்படி இறந்தார்கள்? ஏன் இப்படிப் புதைக்கப்பட்டார்கள்?

இக்கேள்விகளை எடுத்துக்கொண்டு மன்னாரின் ஊர் நூல்களிடம் போவோம்.

முதலில் வரலாறு. மாதோட்டம் பழம்பெரும் துறைமுகம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியிருக்கிறார்கள். சுந்தரரின் பதிகத்திலே பாலாவியும் வருகிறது, மரக்கலங்கள் நிறைந்த கடலும் வருகிறது. பக்திப் பாடல் என்று நாம் ஓதுவது ஒரு துறைமுகத்தின் சாட்சியமுமாகும். ஆங்கிலேயர் காலத்தில் இங்கு அரசாங்க அதிகாரியாக இருந்த போக் என்பவர் இவ்விடத்தைப் பற்றி 1887இல் ஒரு கட்டுரையும், 1888இல் மன்னார் மாவட்டம் பற்றித் தனி நூலும் எழுதினார். 1980இல் தொடங்கிய ஜோன் கார்ஸ்வெல்லின் மாந்தை அகழ்வு, போர்ச் சூழலினால் 1984உடன் நின்றது. அதன் பெருநூல் 2013இலேதான் வெளிவந்தது. திருக்கேதீச்சரத்தில் எலும்புகள் வெளிவந்த அதே ஆண்டு!

இத்தகைய நூல்களின் பலம் அளவும் ஆண்டும். அவற்றின் குறையை அறிய முத்துக்குளிப்பின் கணக்கைப் பார்த்தால் போதும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சிப்பியை ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் அந்த ஏற்பாட்டில் ஓர் இடம் இருந்தது. ஆனால் மூச்சடக்கிக் கீழே போனவனின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் இளம் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப், 1921இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் அக்களத்தை வருணித்திருக்கிறார். வெயிலில் அழுகும் சிப்பிகளின் நாற்றம், ஈக்கள், பல இனத்தவரின் கூட்டம். அதனிடையே கடலில் உயிர்விட்ட ஓர் அராபியன் கரைக்குக் கொண்டுவரப்படுகிறான். அவனுடைய கூட்டத்தார் அவனுக்காக அழுகிறார்கள். அது கற்பனைக் கதைதான். ஆயினும் சிப்பிக் கணக்கில் இடம்பெறாத ஒரு மரணத்துக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.

இனிப் பாட்டுக்கும் கூத்துக்கும் வருவோம். அரிப்புக் கரையிலே இடிந்து நிற்கும் மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது. சனங்களோ அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். வரலாற்று மாணவன் இதைப் பிழையென்று திருத்துவான். திருத்தட்டும். ஆனால் தேசாதிபதியின் வீட்டை மக்கள் ஒரு கதைப்பாடலின் இராணிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். முத்து யாருக்கு உரியது என்று அவர்கள் எண்ணினார்கள் என்பதை நான் இதிலிருந்து ஊகிக்கிறேன். கச்சேரி அறிக்கை எதிலும் இந்த எண்ணத்தைப் படிக்க முடியாது.

மன்னார்க் கூத்து மரபிலே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இருவகை உண்டென்பதை நேயர்கள் அறிவீர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' முதலான நாடகங்களைப் பதிப்பித்திராவிட்டால், அண்ணாவிமாரின் கையேடுகளோடு அவையும் செல்லரித்துப் போயிருக்கக்கூடும். அண்மைக் காலத்தில் எஸ். ஏ. உதயன் 'லோமியா', 'வாசாப்பு' முதலிய நாவல்களின் வழியே இக்கரையின் வாழ்வைப் புனைகதைக்குள் கொண்டுவந்திருக்கிறார். இவையெல்லாம் நமது செல்வம்.

எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கூத்தின் மேடையிலே ஐரோப்பிய எம்பரதோரும் மூவிராசாக்களும் கொலு வீற்றிருக்கிறார்கள். காய்ச்சலிலும் கடலிலும் கலகத்திலும் செத்த அயலவனுக்கு அங்கே இடம் அரிது. அவனுக்குப் பாட்டு கிடைத்தது வேறோர் இடத்தில். இறந்தவரின் முப்பத்தோராம் நாளிலே நாம் அச்சிடும் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். பிறந்த ஊர், பெற்றோர், மணம் செய்த இடம், பிள்ளைகள், இறந்த திகதி எல்லாம் பாட்டாகவே வரும். யாப்புச் சில இடங்களில் நொண்டும். இலக்கிய விமர்சகர் எவரும் அதைத் தொடுவதில்லை. ஆயினும் வரலாற்றின் திகதியும் பாட்டின் துயரமும் சேர்ந்து நிற்கும் ஊர் நூல் அதுதான்.

மூன்றாவது வகை குற்றத்தைச் சொல்லும் நூல். எதிர்க்கரையான தமிழ்நாட்டிலே கொலைச் சிந்து என்றொரு மரபு இருந்தது. மலிவுக் காகிதத்தில் அச்சிட்டு, சந்தையிலும் தெருமுனையிலும் பாடிப்பாடி விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூல் இத்தகைய வெளியீடுகளை ஆராய்கிறது. கடவுள் வணக்கத்தோடு தொடங்கி, கொலையை விவரித்து, வழக்கையும் தண்டனையையும் சொல்லி, கேட்போருக்குப் புத்தி கூறி முடியும் பாட்டுகள் அவை. மிகைப்படுத்தல் உண்டு, பரபரப்பு உண்டு. அவற்றை இலக்கியமென்று நான் வாதிட வரவில்லை. ஆனால் செத்தவன் யார், எந்த ஊரவன், யார் கண்டார்கள், தீர்ப்பு என்ன என்ற கேள்விகளைச் சிந்து பாடுபவன் மறப்பதில்லை. நமது ஊர் வரலாற்றாசிரியர்களோ இக்கேள்விகளைப் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

மன்னாரிலே இக்கேள்விகள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு 1544ஆம் ஆண்டுப் படுகொலையே சான்று. அவ்வாண்டு, புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். புனித பிரான்சிஸ் சவேரியார் 1545இல் எழுதிய கடிதங்களில் இக்கொடுமையைக் குறிப்பிடுகிறார். 18ஆம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் அறுநூறு பேர் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. மறைபரப்ப வந்தவருக்கு இது வேதசாட்சியம். யாழ்ப்பாணத்து நூலுக்கு இது ஓர் அரசனின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி. தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்திலே மண்டியிடும் பெண்ணுக்கு இது தன் முன்னோரின் மரணம். ஒருவருக்கொருவர் உடன்படாத தரப்புகள் ஒரே நிகழ்ச்சியை எழுதி வைத்ததனாலேயே, அது நடந்ததா என்று இன்று எவரும் கேட்பதில்லை. பகைவன் எழுதிய வரியும் சாட்சியாகிவிடுகிறது.

சதொசக் காணியின் காபன் ஆண்டுகளுக்குள் 1544உம் அடங்குகிறது. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய 1560உம் அடங்குகிறது. அதற்காக அந்த எலும்புகளை எடுத்து இந்தக் கதைகளுக்குள் பொருத்திவிடலாகாது. ஆண்டு ஒத்துப்போவது சாட்சியம் ஆகாது. ஊர் நூல் எழுதுபவர் வழக்கு விசாரிப்பவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான். தெரிந்ததைச் சொல்லுதல், ஊகத்தை ஊகமென்றே சொல்லுதல்.

இது நானூறு ஆண்டுக்கு முந்திய விடயம் மாத்திரமன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவின் ஊர்களிலிருந்து மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். அதே ஆண்டு, போருக்கு அஞ்சி மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்குத் தோணியேறிய தமிழரும் பலர். உடுத்த உடையோடு போகிறவர் ஊர்க் குறிப்புகளையா கட்டிக்கொண்டு போவார்? எந்தக் காணி எவருடையது, எந்தப் பள்ளிவாசலை எவர் கட்டினார், எந்தக் கிணறு பொதுக்கிணறு என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் மட்டும் சென்றன. அந்த முதியவர்களிற் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடிவிட்டார்கள்.

இன்று மன்னாரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவில்லை. ஆலயத் திருவிழா மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், கவிதைத் தொகுதிகள் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் சைவர் கேதீச்சரத்தை எழுதுகிறார், கத்தோலிக்கர் மடுவை எழுதுகிறார், முஸ்லிம்கள் தாம் இழந்த ஊரை எழுதுகிறார்கள். ஒருவர் மலரில் மற்றவருடைய இறந்தோர் வருவதில்லை. தம் தரப்பு இழைத்த குற்றம் எந்த மலரிலும் வருவதில்லை. பெருமையை மட்டும் எழுதிய ஊர் நூல், ஊருக்கு அவசியமான நாளிலே வாய்திறக்காது. திருக்கேதீச்சரத்தில் 2013இல் நாம் கண்டது அதைத்தான்.

ஆகவே, எழுத விரும்பும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரின் பெருமையை எழுதுங்கள், தடையில்லை. அதோடு ஊரின் சேமக்காலைகளையும் மையவாடிகளையும் சுடலைகளையும் எல்லை குறித்து எழுதுங்கள். பழையவை எப்போது மூடப்பட்டன என்று கேட்டறியுங்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைத் திகதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் நடந்த கொலையையும் அதன் வழக்கையும், வழக்கே நடக்கவில்லையாயின் அதையும் எழுதுங்கள். வீடு வீடாகக் கிடக்கும் கல்வெட்டுகளை ஒன்றுதிரட்டி வாசிகசாலையில் வையுங்கள். அடுத்த ஊரவரிடம், அடுத்த சமயத்தவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, பிழையென்று அவர் சொல்வதையும் பக்கத்திலே குறித்து வையுங்கள். நடை அழகாக இல்லையே என்று கவலைப்படவேண்டாம்.

சதொசக் காணியில் கிடந்த முந்நூறு பேருக்கும் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. அவர்களை அழைத்த குரல்கள் இருந்தன. அந்தப் பெயர்களை எழுதி வைக்க அன்று எவரும் இருக்கவில்லை, அல்லது எழுதியது நம் கைக்கு வரவில்லை. அதை இனி நம்மால் திருத்த முடியாது. நம் காலத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வைப்பது மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது.