விருந்தினர் தங்கும் வீடும் அரசாங்கப் பதிவும்

விடுமுறை நெருங்கும்போது வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. சிலர் ஊருக்குச் சென்று பெரியவர்களைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் உதகையிலோ கொடைக்கானலிலோ நான்கு நாள் தங்க எண்ணுகிறார்கள். வேறு சிலர் தாம் வாழும் இடத்திலிருந்து சிம்லாவுக்கும் கோவாவுக்கும் குடகுக்கும் போகிறார்கள். முன்பெல்லாம் இத்தகைய பயணத்தில் தங்குவதற்கு ஹோட்டல் உண்டு. இல்லையேல் உறவினர் வீடு உண்டு. இன்று மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் வீட்டில் ஓர் அறையையோ, முழு வீட்டையோ, இணையத்தின் வாயிலாக நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறோம். நம்மிலும் பிள்ளைகள் வேலை நிமித்தம் பிரிந்து சென்றபின் காலியாகக் கிடக்கும் அறையை இவ்வாறு வாடகைக்கு விடுவோர் இருக்கிறார்கள். ஆகவே இப்பொருள் விருந்தினர் என்ற முறையிலும், வீட்டுக்காரர் என்ற முறையிலும் நம்மைச் சார்ந்ததே.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தை அறியாத தமிழர் குறைவு. அறத்தை முன்னிட்டுச் சத்திரங்கள் எழுந்தன. ஆனால் கூலி பெற்றுக்கொண்டு இடம் தரும் தொழில் வளர்ந்தபோது, அதனை அரசாங்கம் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்தது. 1867ஆம் ஆண்டிலேயே சராய்ச் சட்டம் என்ற ஒரு சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. பயணிகள் தங்கும் கட்டடத்தை நடத்துவோர் தம் பெயரையும் இருப்பிடத்தையும் மாஜிஸ்திரேட்டிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது. அப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. நன்னடத்தைச் சான்று கொண்டுவராதவரைப் பதிய மறுக்கும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுக்கு இருந்தது. தங்கியவருக்குத் தொற்றுநோய் கண்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டடத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். திருடர் ஏறி இறங்கத் தோதான மரக்கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். சட்டத்தை மீறினால் அபராதம் 20 ரூபாய்க்கு மிகாது.

மரக்கிளையைப் பற்றிய அந்த விதி இன்று நமக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் அதன் அடியில் உள்ள நோக்கம் பழமைப்பட்டுவிடவில்லை. அயலூரில் இரவு தங்குகிறவன் அவ்விடத்தைப் பற்றி ஒன்றும் அறியான். கதவு எத்தகையது, அண்டை அயலார் யார், இடர் வந்தால் யாரை அழைப்பது என்பன அவனுக்குத் தெரியா. அவன் விசாரித்து அறிய இயலாதவற்றை அவனுக்காக முன்கூட்டியே ஒருவர் விசாரித்து வைத்திருக்க வேண்டும். பதிவு என்பதன் பொருள் இதுவே.

இதனை யார் செய்வது என்ற கேள்விக்கு நம் அரசியலமைப்பு விடை கூறுகிறது. அதன் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 31ஆவது இனம், விடுதிகளும் விடுதி நடத்துவோரும் என்பதாகும். ஆகவே இத்துறையில் சட்டம் செய்யும் உரிமை முதன்மையாக மாநிலங்களுடையது. நாம் எல்லை தாண்டும்போது விதியும் மாறுவதற்குக் காரணம் இதுதான். ஒரு மாநிலத்தில் நாம் கேட்டறிந்தது வேறொரு மாநிலத்தில் பொருந்தாமல் போகலாம்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். கோவா தனி மாநிலம் ஆவதற்கு முன்பே, 1982இல், கோவா, டாமன், டையூ பகுதிக்குச் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பதிந்துகொள்ளாமல் பயணிகளுக்கு இடம் தரும் தொழிலை நடத்துதல் கூடாது என்பது அதன் அடிப்படை. காமன்வெல்த் விளையாட்டுகள் 2010இல் தில்லியில் நடைபெறவிருந்த நிலையில், விருந்தினரை வீட்டில் தங்கவைத்துக் காலை உணவு அளிப்போருக்கென்றே தில்லிச் சட்டமன்றம் 2007இல் தனிச் சட்டம் இயற்றியது. இமாசலப் பிரதேசம் 2008இல் ஹோம்ஸ்டே திட்டத்தைத் தொடங்கிற்று. உத்தராகண்டம் 2018இல், மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறுவதைத் தடுக்கும் நோக்கமும் சேர, தீனதயாள் உபாத்தியாயர் பெயரால் ஒரு திட்டம் வகுத்து உதவித் தொகையும் அளித்தது. கேரளச் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரிக்கிறது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்துக்கும் ஒரு திட்டம் உண்டு. வீட்டுக்காரர் தாமே முன்வந்து விண்ணப்பித்தால் ஒரு குழு வந்து பார்வையிட்டுத் தங்கம் அல்லது வெள்ளி என்ற தரம் அளிக்கும். விருந்தினருக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது. படுக்கைகள் பன்னிரண்டைத் தாண்டலாகாது.

இத்திட்டங்கள் பலவற்றிலும் பொதுவான ஒரு விதியைக் காண்கிறோம். வீட்டுக்குரியவர் குடும்பத்தோடு அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்பது அது. இவ்விதி சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் காரணம் உண்டு. வீட்டுக்காரர் உடனிருந்தால் நள்ளிரவுக் கூச்சலை அடக்குபவர் ஒருவர் இருக்கிறார். நோய் வந்தால் மருத்துவரை அழைப்பவர் இருக்கிறார். அண்டை வீட்டார் முறையிடவும் ஒருவர் இருக்கிறார். சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு நகரில் இருக்கும் உரிமையாளரிடம் இவற்றை எதிர்பார்க்க இயலாது. அவ்வாறு முழு வீடாக விடப்படுவனவற்றைக் கேரளம் வேறொரு வகையாகக் கொண்டு தனி விதி செய்திருப்பது பொருத்தமே.

பதிவு செய்யும் இடங்களில் உயிருக்குப் பாதுகாப்பு முதலில் வரவேண்டும். தமிழர் பல தலைமுறைகளாகப் பழகிய தில்லிக் கரோல்பாகில், 2019 பிப்ரவரி 12ஆம் நாள் விடியற்காலையில் ஒரு விடுதியில் மூண்ட தீ 17 உயிர்களைக் கொண்டது. அது ஹோட்டல், வீடன்று. எனினும் உறங்கும் விருந்தினருக்கு வெளியேறும் வழி தெரியாது என்ற நிலை இரண்டிடத்தும் ஒன்றே. தீயணைப்புக் கருவி இருக்கிறதா, மாடிப்படி அடைபடாமல் இருக்கிறதா என்று ஓர் அதிகாரி ஆண்டில் ஒருமுறை வந்து பார்ப்பதை வீண் தொல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் தம்பதியர் மாதத்தில் சில நாள் ஓர் அறையை விட்டு வரும் பணத்தில் மருந்துச் செலவைச் சமாளிக்கிறார்கள். அவர்களைப் பத்து அலுவலகங்களுக்கு அலையவிட்டால், அவர்கள் அறையைப் பூட்டிவிடுவார்கள். அல்லது பதியாமலே நடத்துவார்கள். இரண்டாலும் யாருக்கும் நன்மை இல்லை. பெரிய ஹோட்டலுக்கு உரிய விதிகளை ஓர் அறைக்காரர் மேல் அப்படியே சுமத்துவது நியாயமும் ஆகாது. இமாசலத்தின் 2008 திட்டம் இதனை உணர்ந்து செய்யப்பட்டது. பதிவு பெற்ற வீடுகளுக்கு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வணிகக் கட்டணம் இன்றி வீட்டுக் கட்டணமே போதும் என்று அது சலுகை அளித்தது. பதிந்தால் சுமை என்றிருந்த எண்ணம் மாறி, பதிந்தால் பயன் என்ற எண்ணம் வந்தால்தான் சிறியோர் தாமாக முன்வருவார்கள். படிவம் சுருங்க வேண்டும். விண்ணப்பம் முடிவாகும் நாள் திட்டமாகத் தெரிய வேண்டும். பார்வையிட வருவோர் கைநீட்டாதிருக்க வேண்டும்.

இனி, அறை விட எண்ணும் நேயர்கள் கவனிக்க வேண்டியவை. வெளி மாநிலத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி இதில் இறங்கலாகாது. அடுக்குமாடிக் குடியிருப்பாயின் சங்கத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். பிறகு அந்த மாநிலச் சுற்றுலாத் துறையிடம் பதிவு முறையைக் கேட்டறிய வேண்டும். வருவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பேரேட்டில் குறிப்பது தவறக் கூடாது. வெளிநாட்டார் தங்கினால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் மின்வழியே அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டார் சட்டம் நீங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இக்கடமை நீங்கவில்லை. நம் பெண்ணின் வெளிநாட்டுச் சிநேகிதிதானே என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவது ஆபத்து.

வரியைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டு வருமானம் 20 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சேவையாளர், சில சிறு மாநிலங்கள் நீங்கலாக, சரக்கு சேவை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. அத்தகையோர் இணைய நிறுவனத்தின் வழியாக அறை விட்டால் வரியைச் செலுத்தும் பொறுப்பு அந்நிறுவனத்தைச் சேரும். நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைக்கு இவ்வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 12இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது.

விருந்தினராகச் செல்லும்போது நமக்கும் கடமை உண்டு. முன்பணம் அனுப்புமுன் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். படத்தில் கண்ட வீடு அந்த முகவரியில் உள்ளதா, உரிமையாளர் உடன் இருப்பாரா என்று தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர் கேட்கும் வாடகை மலிவாயிருப்பினும், அவ்விடத்தைத் தவிர்ப்பதே நலம். இக்கேள்வியை நூறு பேர் கேட்டால், அதிகாரி ஒருவர் விதிக்கும் அபராதத்தைவிட விரைவில் பதிவு பெருகும்.

மலை ஊர்களுக்குப் போகும்போது மேலும் ஓர் எண்ணம் வேண்டும். வாகன நெரிசல் மிகுந்ததால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் மின் அனுமதி பெற வேண்டும் என்ற முறை வந்தது. அங்கே தண்ணீரும் சாலையும் அளவுக்கு உட்பட்டவை. குடியிருக்கும் வீடுகள் யாவும் நாள் வாடகை வீடுகளாக மாறிவிட்டால், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியருக்கும் தேயிலைத் தொழிலாளிக்கும் குடியிருக்க இடம் எங்கே என்ற கேள்வி எழும். எத்தனை வீடுகள் இவ்வாறு விடப்படுகின்றன என்ற கணக்கு இருந்தால்தான் இதற்கு விடை காண முடியும். அக்கணக்கு பதிவேட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

வேற்று மாநிலங்களில் வாழும் நாம் ஒரு காலத்தில் அயலார் கொடுத்த இடத்தில் தங்கித்தான் வேரூன்றினோம். நம்மை நம்பி அறை தந்தவர்களை நாம் மறக்கவில்லை. அந்த நம்பிக்கை ஒரு தெருவுக்குள், தெரிந்தவர் சொல்லும் சொல்லால் நிலைத்தது. இன்று விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் அறியாத தொலைவில் இருக்கிறார்கள். தெரிந்தவரின் சொல்லுக்கு ஈடாக ஒரு பதிவுச் சான்றேனும் அவர்களிடையே இருக்கட்டும் என்று நாம் விரும்புவது முறைதான்.