பெண் வேடமிடும் கணவாய்

கணவாய் என்றால் நம்மில் பலருக்கு மிளகு தூக்கலாக வறுத்த துண்டுகள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஆஸ்திரேலியாவின் ராட்சதக் கணவாயைப் பற்றி. முதுகுக்குள் வெள்ளை ஓடு உள்ள ஓட்டுக் கணவாய்களில் உலகிலேயே பெரியது இதுதான். 10 கிலோவைத் தாண்டியும் வளரும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், ஸ்பென்சர் வளைகுடாவின் வடபகுதியில், வையாலா என்றொரு இரும்பாலை நகரம். அதையடுத்த பாயிண்ட் லோலி கரையோரத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை இவை ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. ஆழ்கடலில் அல்ல, ஆள் மட்டத் தண்ணீரிலேயே! முட்டைகளை ஒட்டிவைக்கத் தோதான கற்பாறை அந்த வட்டாரத்தில் இங்கேதான் அதிகம்.

வருவதில் பெரும்பாலானவை ஆண்கள். ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண் என்றாகிவிடும் நாட்களும் உண்டு. பெரிய ஆண், கைகளை அகல விரித்து, உடம்பில் வரிகள் அலையலையாய் ஓட, தன் துணையைக் காவல் காக்கும். சின்ன ஆணுக்கு மோதிப் பார்க்க வலுவில்லை. அது என்ன செய்கிறது தெரியுமா? கைகளைச் சுருக்கி, பெண்ணுக்குரிய புள்ளிநிறத்தைப் போட்டுக்கொண்டு, காவலனின் மூக்குக்கடியிலேயே நுழைந்துவிடுகிறது! இந்த வேடம் வீண்போகவில்லை, முட்டைகள் கருவுறுகின்றன என்பதை மரபணுச் சோதனையோடு 2005-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பலசாலிக்கே வெற்றி என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். இன்னொரு வேடிக்கை: இத்தனை நிறம் மாற்றும் பிராணிக்கு நிறம் பிரித்தறியும் கண் கிடையாது.

கூட்டமாய்க் கூடுவதே இவற்றுக்கு வினையாகவும் ஆனது. 1997-இல் மட்டும் சுமார் 250 டன் அள்ளினார்கள். அதுவும் முட்டையிட வந்தவற்றை! ஒன்றிரண்டு ஆண்டே வாழ்ந்து, இனப்பெருக்கம் முடிந்ததும் மடிகிற உயிர் இது. முட்டையிடுமுன் பிடித்தால் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது எது? 1998-இல் அங்கே தடை வந்தது, நல்லதுதான். அப்படியும் 2013-இல் எண்ணிக்கை பதின்மூவாயிரம் அளவுக்குச் சரிந்தது; பிறகு மீண்டு, 2020-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

ஆஸ்திரேலியாவில் உறவினர் இருப்பவர்கள் ஜூன், ஜூலையில் போனால் வையாலாவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே அது குளிர்காலம். குளிர் தாங்கும் உடையும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். ஒன்று மட்டும்: கற்களைப் புரட்டாதீர்கள். முட்டைகள் அவற்றின் அடியில்தான் ஒட்டியிருக்கின்றன.