கடப்பா கல்லின் மேல் ஒரு நுண்ணோக்கி

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரண்டாவது மாடி ஜன்னலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிறதே, யாராவது வெல்டிங் வைக்கிறார்களா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

வெல்டிங் இல்லை, கேமரா ஃபிளாஷ். எறும்பின் கண், செம்பருத்தியின் மகரந்தம், ஊசுட்டேரித் தண்ணீரில் இருக்கும் பாசி போன்றவற்றைப் பெரிதாக்கிப் படம் எடுப்பது என் வேலை முடிந்த பிறகான வேலை.

முன்பு இந்த ஸ்டுடியோ பாகூர் பக்கம் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். அதன் பின்னால் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்ததே, அதுதான் மேசையோடு எல்லாவற்றையும் கொண்டுபோனது. மேல் அலமாரியில் இருந்த லென்ஸ்கள் நனையவில்லை. ஆனால் வீடு காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது. லென்ஸ் பூஞ்சை வெறும் அழுக்கு இல்லை. நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

வில்லியனூருக்குக் குடிவந்த பிறகு மறுபடி கட்ட ஆரம்பித்தபோது பிரச்சினை தலைகீழாக இருந்தது. தரைத்தளத்தில் ஈரம் இருக்கும், அதிர்வு இருக்காது. மாடியில் ஈரம் குறைவு, அதிர்வு அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எறும்பு ஒரு மைக்ரான் ஆடினால் கேமராவுக்குள் அது பத்து மைக்ரான் ஆட்டம். என் கேமராவில் ஒரு புள்ளியின் அகலமே ஏறக்குறைய நான்கு மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் லிஃப்ட் நின்று கிளம்பினாலே அதைவிட அதிகமாக ஆட்டும். கிரைண்டர், வாஷிங் மெஷின், சம்ப் மோட்டார் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்குமேல் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். என் வீட்டம்மா இதற்கு வேறு காரணம் சொல்வார்கள்.

விலை உயர்ந்த அதிர்வுத் தடுப்பு மேசை வாங்கவில்லை. சமையலறை மேடைக்குப் போட்டு மிச்சமான கடப்பா கல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து மேசையில் வைத்து, அதன் மேல் கல், கல்லின் மேல் கேமராவும் நகரும் தண்டவாளமும். கனமான பொருள் மெத்தான ஒன்றின் மேல் உட்கார்ந்தால் வேகமான அதிர்வு மேலே ஏறாது. மிச்சத்தை ஃபிளாஷ் பார்த்துக்கொள்கிறது. குறைந்த சக்தியில் அடித்தால் அந்த வெளிச்சம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் எதுவும் ஆட நேரமில்லை. வெளிச்சத்தை மென்மையாக்க வரைபடத் தாளைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் இத்தனை முறை பளிச்சிடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சாதாரணமான பத்து மடங்கு லென்ஸில் ஒரு படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒன்பது மைக்ரான்கூட இல்லை. எறும்புத் தலையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஒரு மில்லிமீட்டர் என்றால், ஏழு மைக்ரானுக்கு ஒன்றாக நகர்த்தி நகர்த்தி ஏறக்குறைய நூற்று நாற்பது படம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் கணினி பொறுக்கி ஒரே படமாக அடுக்கும். நான்கு மடங்கு லென்ஸில் இந்த ஆழம் ஐம்பது மைக்ரானைத் தாண்டும், இருபது இருபத்தைந்து படத்தில் முடிந்துவிடும். புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு மடங்கே போதும் என்பது என் கட்சி.

பூஞ்சைக்கு மருந்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. மானி 40க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி வைக்கலாம். அரிசிக்குள் லென்ஸைப் புதைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், தூசிதான் மிஞ்சும்.

இப்போது நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கொசுத் தொல்லைக்குக் காரணம் எதிரே இருக்கும் சாக்கடைதான், கொம்யூனுக்கு மனு கொடுப்போம் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். அதன் பிறகு பி பிளாக் அக்கா ஒருவர் பூந்தொட்டித் தட்டிலிருந்து புழுக்களைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். படம் எடுத்தேன். அதைத்தான் திரையில் பார்க்கிறீர்கள்.

வால்பக்கம் இருக்கும் மூச்சுக்குழாயைப் பாருங்கள். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசுப் புழுவுக்கு அது நீளமாக, ஒல்லியாக இருக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது அந்த இனம். 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் கொசு ஆராய்ச்சி மையம் எண்பதுகளில் இங்கே அதை எதிர்த்துப் பெரிய அளவில் வேலை செய்தது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் புழுவுக்குக் குழாயே கிடையாது, தண்ணீர் மட்டத்தில் படுத்தபடி மிதக்கும். இந்தப் படத்தில் இருப்பதோ குட்டையான, தடித்த குழாய். எட்டாவது கண்டத்தில் ஒரே வரிசையாகச் சீப்புப் பல் மாதிரி செதில்கள், ஒவ்வொன்றிலும் பக்கவாட்டு முள். இது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்பதற்கான அடையாளம். உறுதிப்படுத்துவது பூச்சியியலாளர் வேலை. ஆனால் ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போகாது. தொட்டித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மூடாத டிரம், மொட்டை மாடியில் கிடக்கும் டயர் போன்றவற்றில் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

மனுவைக் கொடுப்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் புழு நம் வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் சங்கிலி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த தண்ணீரில் பொரியும்.

சந்தேகமான தண்ணீர் எங்கே இருந்தாலும் மூடி போட்ட சின்ன பாட்டிலில் பிடித்து, எந்த பிளாக், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களே நுண்ணோக்கியில் பார்த்து எண்ணட்டும். ஒன்றே ஒன்று: அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு நேர் மேல் வீட்டில் கிரைண்டர் போடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.